கோபுரத்தின் உயரமும் குழியின் ஆழமும்

திருவரங்கத்து இராசகோபுரத்தின் உயரம் என்ன என்று அந்தத் தெருக்களில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். மட்டையும் பந்துமாய் ஓடிக்கொண்டிருக்கும் சிறுவன்கூட நின்று பதில் சொல்வான்: 236 அடி, பதின்மூன்று நிலை, கட்டி முடித்தது 1987இல் என்று. சொல்லும்போது அவன் முகத்தில் ஒரு பெருமிதமும் இருக்கும். இருக்கட்டும். பிறகு அவன் வீட்டுப் பெரியவரிடம் இன்னொரு கேள்வி கேளுங்கள். 'ஐயா, உங்கள் கொல்லைப்புறத்தில் இருக்கிறதே கழிவுத்தொட்டி, அதன் ஆழம் என்ன? அறை ஒன்றா, இரண்டா? மூடி எங்கே இருக்கிறது? கடைசியாகத் திறந்தது எந்த ஆண்டு?' பெரியவர் விழிப்பார். 'அது அப்பா காலத்தில் கட்டியது' என்பார். 'வருகிறவனுக்குத் தெரியும்' என்று முடித்துவிடுவார்.

வருகிறவருக்குத் தெரியாது! அவர் அந்த வீட்டை அதுவரை கண்டதே இல்லை. தெரிந்தவர் சொல்லவில்லை, தெரியாதவர் இறங்குகிறார். இதுவே நம் நகரத்தில், நம் நாட்டில், நடைமுறை.

நாள் பார்ப்பதில் நம்மவருக்கு ஈடு எவருண்டு? அதே தொட்டியைத் தோண்ட முதல் மண்வெட்டி விழுந்த நாளில், மூலை எது, திசை எது, வாஸ்து என்ன சொல்கிறது என்று ஆயிரம் ஆராய்ச்சி! இராகு காலம் போகட்டும், எமகண்டம் கழியட்டும் என்று கொத்தனாரைக் காக்க வைத்தார்கள். எமகண்டம் எத்தனை மணிக்கு என்று நாட்காட்டியைப் புரட்டத் தெரிந்தவர்கள், எமன் எத்தனை அடி ஆழத்தில் இருக்கிறான் என்று ஒரு தாளில் குறித்து வைத்தார்களா? எருமைமேல் வரும் எமனைப் பற்றி நமக்குக் கவலையில்லை. ஹைட்ரஜன் சல்ஃபைடு என்று வேதியியல் நூல் பெயர் சூட்டியிருக்கிறதே, அந்த எமனைத்தான் சொல்கிறோம். அவனுக்குப் பஞ்சாங்கம் தெரியாது.

வேலைக்கு அழைப்பு எப்படிப் போகிறது என்று பாருங்கள். கைப்பேசியில் இரண்டே வரி: 'சின்ன அடைப்புதான், உடனே வாங்க.' எங்கே என்றால் ஒரு தெருப்பெயர். எவ்வளவு என்றால், 'வந்து பாருங்க, பேசிக்கலாம்.' இவ்வளவுதான் விவரம்! இதை நம்பி இரண்டு பேர் லாரியுடன் புறப்படுகிறார்கள். வந்து பார்த்தால் சின்ன அடைப்பு பதினைந்து ஆண்டுத் தேக்கமாக இருக்கிறது. தெருமுனையிலேயே லாரி நின்றுவிடுகிறது. அதற்கப்பால் ஒற்றையாள் நுழையும் சந்து. குழாய் எட்டவில்லை. தொட்டியின் மூடியின்மேல் புதிதாகத் தளம் போட்டு ஓடு பதித்திருக்கிறார்கள். மின்மோட்டார் ஒன்று பக்கத்திலேயே ஈரத்தில் கிடக்கிறது. வீட்டுக்காரர் வெளியூரில். வாடகைக்கு இருப்பவருக்கு எதுவும் தெரியாது.

இப்போது அந்த இருவர் என்ன செய்வார்கள்? திரும்பிப் போகலாம் என்பீர்கள். போகலாம், டீசல் செலவு அவர்கள் தலையில், அன்றைய கூலி மண்ணில், லாரி உரிமையாளரின் ஏச்சு காதில். ஆகவே போகமாட்டார்கள். வாளி கேட்பார்கள், கயிறு கேட்பார்கள். ஒருவர் சட்டையைக் கழற்றுவார்.

இங்கேதான் நாம் வாசகர் கவனத்தைச் சற்று நிறுத்த விரும்புகிறோம். குழியில் மனிதன் இறங்கக்கூடாது என்பதில் நமக்குக் கருத்து வேறுபாடு இல்லை. சட்டமே அப்படித்தான் சொல்கிறது. இயந்திரம் வந்துவிட்டதே, இனி விவரம் எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். கேட்பவர்கள் இயந்திரம் எந்த நொடியில் தோற்கிறது என்பதை நினைத்துப் பார்ப்பதில்லை. குழாயின் நீளம் போதாத நொடியில் தோற்கிறது. அடிச்சேறு கல்லாக இறுகி உறிஞ்ச மறுக்கும் நொடியில் தோற்கிறது. இரண்டாம் அறை இருப்பது தெரியாமல் முதல் அறையை மட்டும் வற்றவிட்டு, 'இன்னும் போகலையே' என்று வீட்டார் முணுமுணுக்கும் நொடியில் தோற்கிறது. இயந்திரம் தோற்ற இடத்தில் நுழைவது மனிதன்! முன்னரே சொல்லியிருந்தால் நீளமான குழாயோடு, அழுத்தநீர் பீய்ச்சும் வண்டியோடு வந்திருப்பார்கள், அல்லது வரவே மறுத்திருப்பார்கள். சொல்லாமல் விட்ட ஒரு சொல்தான் உயிருள்ள ஓர் உடலைக் குழிக்குள் தள்ளுகிறது.

திருவரங்கம் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே கிடக்கும் தீவு. மணற்பாங்கான மண், ஆற்றில் வெள்ளம் வந்தால் நிலத்தடி நீரும் உயரும். பழைய வீடுகளில் முறையாகக் கட்டிய தொட்டிக்கு மாறாக உறை இறக்கிய குழிகளே இருக்குமானால், வெளிநீர் ஊறி உள்ளே வரும். எவ்வளவு உறிஞ்சினாலும் வற்றாது. வற்றினாலோ உறை சரியலாம். உறைக்குழியா, சிமெண்டுத் தொட்டியா என்ற ஒரே ஒரு விவரம் வேலையின் தன்மையையே மாற்றிவிடுகிறது. அதைச் சொல்ல ஒரு நொடி போதும். அந்த ஒரு நொடிக்குத்தான் பஞ்சம்.

காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் ஆபத்து, வராவிட்டால் ஆபத்தில்லை என்பது பரவலான நம்பிக்கை. கொடிய மூடநம்பிக்கை இது! ஹைட்ரஜன் சல்ஃபைடு காற்றில் பத்து இலட்சத்தில் நூறு பங்கு அளவை எட்டிவிட்டால் மூக்கின் உணர்வே மரத்துப் போகிறது. நாற்றம் நின்றுவிட்டது என்று மனிதன் எண்ணும் நேரமே நஞ்சு மிகுந்த நேரம். எழுநூறு, ஆயிரம் பங்கு என்றால் ஓரிரு மூச்சிலேயே சாய்ந்துவிடுவான். விளக்கை ஏற்றி இறக்கிப் பார்க்கிறார்களே, அது இந்த நஞ்சைக் காட்டாது. உள்ளே மீத்தேன் இருந்தால் வெடிக்கவும் செய்யும். கழிவறை கழுவும் அமிலத்தைக் குடம் குடமாகக் கொட்டி அடைப்பு நீக்கப் பார்த்த வீட்டார், அதை வந்தவரிடம் சொல்வதில்லை. சேற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களோடு அமிலம் கலந்தால் அதே நச்சுக் காற்றுதான் பொங்கி எழும். 'நேற்று அமிலம் ஊற்றினோம்' என்ற மூன்று சொற்களுக்கு ஓர் உயிரின் விலை!

ஒருவர் சாய்ந்ததும் என்ன நடக்கிறது? மேலே நிற்கும் தோழர் பாய்கிறார். அவரும் சாய்கிறார். மூன்றாமவர் அவரைத் தேடி இறங்குகிறார். செய்தித்தாளில் 'இருவர் பலி', 'மூவர் பலி' என்று வருவதன் இரகசியம் இதுதான். மூடிய இடங்களில் நேரும் சாவுகளில் அறுபது விழுக்காட்டுக்கு மேல் காப்பாற்றப் போனவர்களுடையவை என்று அமெரிக்காவின் தொழிற்பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1986இல் எழுதி வைத்தது. பாசத்தைப் பலியாக்கும் குழி!

'நாங்களா கட்டாயப்படுத்தினோம்? அவரே ஒப்புக்கொண்டுதானே வந்தார்?' இந்தக் கேள்வியை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். கேட்பவர்கள் கொடியவர்கள் அல்லர். நல்லவர்கள், படித்தவர்கள், வங்கியில் கடன் பத்திரத்தில் கையெழுத்திடுமுன் இருபது பக்கத்தையும் படித்துப் பார்ப்பவர்கள். அறுவை மருத்துவத்துக்கு ஒப்புதல் கேட்டால், 'என்ன ஆபத்து, எத்தனை நாள், எவ்வளவு செலவு' என்று மருத்துவரைத் துளைப்பவர்கள். தமக்கு ஒப்புதல் என்றால் அறிந்து தருவது. தொழிலாளர்க்கு ஒப்புதல் என்றால் வந்து நிற்பது! எதை ஒப்புக்கொள்கிறோம் என்று தெரியாமல் தலையசைத்தால் அதற்குப் பெயர் ஒப்புதலா? குழியின் விளிம்பில் நின்றுகொண்டு, கையில் காசின்றி, மறுத்தால் நாளைக்கு அழைப்பு வராது என்ற அச்சத்தோடு சொல்லும் 'சரிங்க' என்பது ஒப்புதலா? விவரம் வேலைக்கு வந்த பிறகு தெரிந்து பயனில்லை. புறப்படுமுன் தெரிய வேண்டும். மறுக்கும் உரிமை செலவில்லாமல் கிடைக்கும் நேரம் அது ஒன்றுதான்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டால் மறதி என்பார்கள். இத்தனை வீடுகளுக்கு ஒரே நேரத்தில், ஒரே பொருளில் மட்டும் மறதி வருமா? மறதியன்று தோழர்களே, இது பழக்கம்; பழக்கத்துக்குப் பின்னால் சாதி! அக்கிரகாரங்களின் பின்புறம் ஒரு சந்து விட்டிருப்பார்கள், கண்டதுண்டா? முன்வாசல் கோலத்துக்கு, பின்சந்து கழிவெடுப்பவர்க்கு. அந்தச் சந்தில் வருபவர் முகம் பார்க்க வேண்டியதில்லை, பெயர் கேட்க வேண்டியதில்லை. பெயரே கேட்காதவரிடம் விவரம் எப்படிச் சொல்வார்கள்? நரைத்த தலையுடன் வரும் தொழிலாளரைப் பத்து வயதுப் பிள்ளை 'ஏய், இங்கே வா' என்று அழைக்கும். தாய் திருத்தமாட்டாள். ஒருமையில் அழைக்கப்படுபவர்க்குப் பன்மையில் கேள்வி கேட்கும் உரிமை யார் கொடுப்பார்?

சாக்கடை, கழிவுத்தொட்டித் தொழிலாளர்களைக் கணக்கெடுத்த ஒன்றிய அரசு 2024இல் வெளிவந்த விவரத்தில், அவர்களில் ஏறத்தாழ 69 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர் என்றது. தகப்பன் தொழில் தனயனுக்கு என்று 1953இல் இராசாசி பள்ளிக்கூடத்திலேயே அரைநாள் ஒதுக்கப் பார்த்தார், தமிழ்நாடு கொதித்தெழுந்தது, 1954இல் அத்திட்டம் கைவிடப்பட்டது. பள்ளியிலிருந்து விரட்டப்பட்ட குலத்தொழில் குழியில் உட்கார்ந்துகொண்டிருக்கிறது. 'பரம்பரையாகச் செய்கிறவர்கள், அவர்களுக்கு எல்லாம் தெரியும்' என்பதைவிடக் குலக்கல்விக்கு வேறு விளக்கவுரை வேண்டுமா? நஞ்சுக் காற்றை முகர்ந்து அளக்கும் மூக்கு எந்தக் குலத்திலும் பிறப்பதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? இங்கே ஒரு வேடிக்கை. நாட்டின் முதல் தொழிற்சாலைச் சட்டங்களில் ஒன்றல்ல இது. விடுதலைக்குப் பின் 1948இல் வந்தது. அதன் 36ஆம் பிரிவு அன்றே விதித்தது: ஆலைக்குள் நச்சுக்காற்று இருக்கக்கூடிய தொட்டியிலோ குழியிலோ ஒருவர் நுழைய வேண்டுமானால், தகுதியுள்ளவர் தாமே சோதித்துப் பார்த்து எழுத்தில் சான்று தரவேண்டும், அல்லது நுழைபவர்க்கு மூச்சுக்கருவி வேண்டும், அவர் கச்சையில் கட்டிய கயிற்றின் மறுமுனையை வெளியே ஒருவர் பிடித்திருக்க வேண்டும். திருவெறும்பூர் மிகுமின் ஆலையின் மதிலுக்குள்ளே ஒரு குழி இருந்தால் அதற்குத் தாள் உண்டு, சான்று உண்டு, கையெழுத்து உண்டு. மதிலுக்கு வெளியே, அதே ஊரில், அதே ஆழத்தில், அதே நஞ்சோடு இருக்கும் வீட்டுக்குழிக்கு 'வந்து பாருங்க'தான்! நுரையீரலுக்கு மதில் தெரியுமா?

1993ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். அந்த ஆண்டில் அமெரிக்கா மூடிய இடங்களுக்கென்று ஒரு விதி செய்தது. ஒப்பந்தக்காரரை வேலைக்கு அழைக்கும் நிறுவனம், தன் இடத்திலுள்ள குழி எது, அதிலுள்ள ஆபத்து என்ன, முன்னர் அங்கே தனக்கு நேர்ந்த அனுபவம் என்ன என்பதை முன்கூட்டியே அவருக்குச் சொல்லியாக வேண்டும். அழைப்பவரின் கடமை அது! அதே 1993இல் நாமும் ஒரு சட்டம் செய்தோம். உலர் கழிப்பிடங்களைத் தடுத்த அந்தச் சட்டம் சாக்கடையையும் கழிவுத்தொட்டியையும் தொடவேயில்லை. அவற்றைத் தொடுவதற்கு இன்னும் இருபது ஆண்டு ஆயிற்று. 2013இல் வந்த சட்டம் அவ்வாண்டு டிசம்பர் 6ஆம் நாள், அண்ணல் அம்பேத்கரின் நினைவு நாளில், நடைமுறைக்கு வந்தது. காப்புக்கருவி இல்லாமல் மனிதரை இறக்கினால் முதல் குற்றத்துக்கே ஈராண்டுச் சிறை வரை, இரண்டு இலட்சம் தண்டம் வரை உண்டு. நல்ல சட்டம். பிரிட்டனில் 2015ஆம் ஆண்டுக் கட்டுமான விதிகள், இடத்தைப் பற்றிய விவரங்களைப் பணி கொடுப்பவரே திரட்டி ஒவ்வோர் ஒப்பந்தக்காரருக்கும் தரவேண்டும் என்கின்றன. இங்கேயோ வீட்டுக்காரர் வாய் திறந்து ஆழத்தைச் சொல்ல வைக்கும் ஏற்பாடு இன்றும் இல்லை.

செத்த பின் விலை மட்டும் ஏறிக்கொண்டே வருகிறது. 2014 மார்ச் 27இல் உச்சநீதிமன்றம் ஓர் உயிருக்குப் பத்து இலட்சம் என்றது. 2023 அக்டோபர் 20இல் முப்பது இலட்சம் என்றது. நீதிமன்றத்தை நாம் குறை கூறவில்லை. அக்குடும்பங்களுக்கு அதுவும் கிடைக்காத காலம் இருந்தது. 2025 சனவரியில் ஆறு பெருநகரங்களில் மனிதர் இறங்குவதை அறவே நிறுத்துக என்று ஆணையிட்டது. சென்னை அதில் உண்டு, திருச்சி இல்லை. 2023ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்ட உரையிலே 'மனிதக் குழி' இனி 'இயந்திரக் குழி' ஆகும் என்று நிதியமைச்சர் அறிவித்தார். பெயர் மாறிவிட்டது! 1993 முதல் அரசு கணக்கில் ஏறிய இத்தகைய சாவுகளில் இருநூறுக்கு மேற்பட்டவை தமிழ்நாட்டில். மாநிலங்களிலே முதலிடம் நமக்கு. சமூகநீதியின் தாயகம் என்று மார்தட்டும் நாம் தலைகுனிய வேண்டிய முதலிடம்.

குழியோடு நிற்கும் கதையன்று இது. மின்கம்பத்தில் ஏறும் தோழரை எண்ணிப் பாருங்கள். 'லைன் கிளியர்' வாங்கி, மின்னோட்டத்தை நிறுத்திவிட்டுத்தான் ஏறுகிறார். தெருவில் ஏதோ ஒரு வீட்டில் ஜெனரேட்டரைத் தவறாக இணைத்திருந்தால், செத்த கம்பியில் பின்னாலிருந்து உயிர் பாய்கிறது. அவர் உயிர் போகிறது. அந்த வீட்டில் ஜெனரேட்டர் உண்டு என்று அவருக்கு யார் சொன்னார்கள்? நம் மாவட்டத்திலேயே, மணப்பாறைக்கு அருகே நடுக்காட்டுப்பட்டியில், 2019 அக்டோபர் 25ஆம் நாள் இரண்டு வயதுக் குழந்தை கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணற்றில் விழுந்தபோது, நாடே கண்ணீரோடு பார்த்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் குழி தோண்ட வந்த பெரிய பொறிகள் கடும்பாறையில் முட்டித் திணறின, பழுதாயின. அடியில் என்ன பாறை என்பதைத் துளைத்துத்தான் அறிய வேண்டியிருந்தது. 29ஆம் நாள் வந்தது உடல். ஆழ்துளைக் கிணறு தோண்டுமுன் பதினைந்து நாள் அறிவிப்பு, இடத்தில் பெயர்ப்பலகை, கைவிட்டால் அடிமுதல் நிரப்பி மூடுதல் என்று உச்சநீதிமன்றம் 2010இலேயே வகுத்திருந்தது. நிலத்தின் விவரத்தை எழுதி வைக்காத நாடு நெருக்கடி வந்த நாளில் இருட்டில் துழாவுகிறது.

'இத்தனை கேள்வி கேட்டால் வேலை எப்படி நடக்கும்? வீட்டுக்காரர் பதில் சொல்வாரா?' என்று சலித்துக்கொள்வோர் உண்டு. பெண் பார்க்கப் போகுமுன் பத்துப் பொருத்தம் பார்க்கும் நாடல்லவா இது? நட்சத்திரம் என்ன, இராசி என்ன, கணம் என்ன என்று கேட்க நேரமிருக்கிறது. பதில் சொல்லவும் தாள் தயாராக இருக்கிறது. வானத்தில் இருக்கும் செவ்வாய் எந்த வீட்டில் இருக்கிறது என்று அறிந்தவர்க்குத் தம் வீட்டுத் தொட்டி எந்த மூலையில் இருக்கிறது என்று அறிய முடியாதா? பத்துப் பொருத்தத்தில் பாதி போதும்: ஆழம், அறைகள், மூடி இருக்கும் இடம், கடைசியாகத் தூர் எடுத்த ஆண்டு, லாரி நிற்கும் இடத்திலிருந்து உள்ள தொலைவு. அமிலம் ஊற்றியிருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

மாநகராட்சியை நாம் கேட்பது இதுதான். 1994இல் திருவரங்கத்தையும் பொன்மலையையும் சேர்த்துக்கொண்டு மாநகராட்சி ஆனீர்கள். வீடு கட்ட ஒப்புதல் கேட்டு வரும் வரைபடத்தில் கழிவுத்தொட்டியும் வரையப்பட்டிருக்கிறது. அது உங்கள் அலமாரியில் தூங்குகிறது. அதை எழுப்புங்கள். 14420 என்ற எண்ணுக்கு ஒருவர் அழைத்தால், தெருப்பெயரோடு இந்த ஐந்து விவரத்தையும் கேட்டுப் பதியுங்கள். சொல்லாத வீட்டுக்கு லாரி புறப்படக் கூடாது. பஞ்சப்பூர் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கழிவைக் கொண்டுவரும் தனியார் லாரிகளுக்கும் அதே விதி இருக்கட்டும். சொன்னது ஒன்று, கண்டது வேறு என்றால் தொழிலாளர் திரும்பிப் போகட்டும். வந்துபோன செலவையும் அன்றைய கூலியையும் பொய் சொன்ன வீட்டார் கொடுக்கட்டும். ஒருமுறை பணம் கட்டிப் பார்த்தால் மறதி தானே விலகும்.

மாநகராட்சி விழிக்கும் வரை வாசகர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. தொட்டியைத் திறந்து பார்க்காதீர்கள், அது உங்கள் வேலையன்று. கட்டிய கொத்தனார் இருந்தால் அவரைக் கேளுங்கள், பழைய வரைபடம் இருந்தால் தேடுங்கள். தெரிந்ததைக் கொல்லைச் சுவரில் சாயத்தால் பெரிதாக எழுதி வையுங்கள்: ஆழம் இத்தனை அடி, அறை இத்தனை, தூர் எடுத்தது இந்த ஆண்டு, மூடி இந்த இடத்தில் என்று. திருவரங்கத்துச் சுவர்களில் நாமம் தீட்ட இடம் இருந்தது. இதற்கும் இரண்டடி கிடைக்கும்.